பணிப்பாய்வுப் பதிப்பு ஒப்பீடு

பணிப்பாய்வுப் பதிப்பு ஒப்பீடு என்பது, தரவுப் பணிப்பாய்வு மென்பொருட்களில் ஒரே பணிப்பாய்வின் இரு பதிப்புகளுக்கு இடையே உள்ள மாற்றங்களைக் கண்டறிந்து பயனருக்குக் காட்டும் வசதியாகும். எந்தப் படி சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது, எந்த அளபுருவின் மதிப்பு மாறியது, எந்த இணைப்பு வேறிடத்துக்குத் திருப்பப்பட்டது ஆகிய கேள்விகளுக்கு இது விடையளிக்கிறது. விக்கி மென்பொருட்களில் ஒரு பக்கத்தின் வரலாற்றைத் திறந்து இரு திருத்தங்களை ஒப்பிடுவோர் காண்பதும் இதே வகையான காட்சியே. ஆனால் விக்கிப் பக்கம் வரிகளால் ஆனது. பணிப்பாய்வோ கணுக்களாலும் அவற்றை இணைக்கும் கோடுகளாலும் ஆன ஒரு கோட்டுரு ஆகும். இவ்வேறுபாட்டினால் ஒப்பிடும் முறையும் வேறுபடுகிறது.

தரவைக் கோப்பில் இருந்து படித்தல், தேவையற்றவற்றை வடிகட்டுதல், இரு அட்டவணைகளைச் சேர்த்தல், சராசரி காணுதல், வரைபடம் வரைதல் என ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் செயல்களின் தொகுப்பே பணிப்பாய்வு எனப்படுகிறது. இவற்றில் ஒவ்வொரு செயலும் ஒரு கணு. கணுவுக்குப் பயனர் தரும் அமைப்புகள் அளபுருக்கள் ஆகும். ஒரு கணுவின் வெளியீடு அடுத்த கணுவின் உள்ளீடாகச் செல்கிறது. பொதுவாக இக்கோட்டுரு திசை உடையது, சுற்று அற்றது. சென்ற மாதம் கிடைத்த முடிவும் இன்று கிடைத்த முடிவும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற கேள்வி எழும்போதே பதிப்பு ஒப்பீடு பெரும்பாலும் தேடப்படுகிறது. அந்த முடிவு ஓர் ஆய்வுக் கட்டுரையிலோ மருத்துவ அறிக்கையிலோ ஏற்கனவே இடம்பெற்றிருந்தால் விடை காண வேண்டிய தேவை மிகக் கடுமையானதாகிறது.

வரி ஒப்பீடு

உரைக் கோப்புகளை ஒப்பிடும் முறை பணிப்பாய்வு மென்பொருட்களுக்கு மிகவும் முந்தியது. 1972 இல் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரோச்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், தொடக்ககாலப் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருட்களில் ஒன்றாகும். அதே ஆய்வுகூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய டிஃப் என்னும் நிரல், 1974 இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்புடன் வெளிவந்தது. அதன் படிமுறையை விளக்கும் அறிக்கையை ஜேம்ஸ் ஹன்ட்டும் மெக்கில்ராயும் 1976 இல் வெளியிட்டனர். 1986 இல் யூஜீன் மையர்ஸ் வெளியிட்ட படிமுறை இன்று மிகுதியாகப் பயன்படுகிறது. கிட் மென்பொருளில் இயல்பாக இயங்குவதும் இதன் ஒரு வடிவமே.

இப்படிமுறைகள் அனைத்தும் இரு கோப்புகளுக்கும் பொதுவான மிக நீண்ட வரித்தொடரைத் தேடுகின்றன. அத்தொடரில் இடம்பெறாத பழைய வரிகள் நீக்கப்பட்டவை என்றும், புதிய வரிகள் சேர்க்கப்பட்டவை என்றும் காட்டப்படும். இம்முறையில் இரண்டு எடுகோள்கள் உள்ளன. வரிகளின் வரிசை பொருளுடையது என்பது ஒன்று. ஒரு வரி பொருளின் ஓர் அலகு என்பது மற்றொன்று. சி, பைத்தன் போன்ற மொழிகளில் எழுதிய நிரலுக்கு இவை பெரும்பாலும் பொருந்துகின்றன.

பணிப்பாய்வுக் கோப்புகளுக்கு இவை பொருந்துவதில்லை. எடுத்துக்காட்டாக, உயிரியல் ஆய்வாளர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் காலக்சி மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். 2005 இல் அறிமுகமான இம்மென்பொருள், பணிப்பாய்வுகளை ஜேசன் வடிவக் கோப்புகளாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு கணுவும் திரையில் எங்கு வரையப்பட வேண்டும் என்பதும் அக்கோப்பில் எழுதப்படுகிறது. பயனர் ஒரு பெட்டியைச் சுட்டியால் பிடித்துச் சற்று வலப்பக்கம் நகர்த்தினாலே கோப்பு மாறிவிடும். கணக்கீடு சிறிதும் மாறாது. இன்னொரு சிக்கல் இதற்கு நேர்மாறானது. ஒரு கணுவின் அளபுருக்கள் அனைத்தும் ஒரே சரமாக, ஒரே நீண்ட வரியில் எழுதப்படுகின்றன. அவற்றுள் ஓர் எண் மட்டும் மாறினாலும் வரி முழுவதும் மாறியதாகவே டிஃப் காட்டும். எந்த எண் மாறியது என்பதை வாசிப்பவர் கண்ணால் தேட வேண்டும். இத்தகைய இடர்ப்பாடுகள் காரணமாகவே, மனிதர் நேரடியாகப் படிக்கவும் எழுதவும் ஏற்ற யாம்ல் அடிப்படையிலான மற்றொரு வடிவமும் காலக்சிக்காக உருவாக்கப்பட்டது.

சுருங்கக் கூறின், வரி ஒப்பீடு தேவையற்றதைக் காட்டுகிறது, தேவையானதை மறைக்கிறது. பத்து பெட்டிகள் அழகுக்காக நகர்த்தப்பட்டு, பதினோராவதில் ஒரு வடிகட்டியின் எல்லை மதிப்பு மாற்றப்பட்டிருந்தால், பின்னது முன்னவற்றின் இடையே கவனிக்கப்படாமல் போக வாய்ப்பு மிகுதி.

கோட்டுரு ஒப்பீடு

கோட்டுருவைக் கோட்டுருவாகவே ஒப்பிடுவது அடுத்த வழி. இதில் முதற்பணி, பழைய பதிப்பின் ஒவ்வொரு கணுவும் புதிய பதிப்பின் எந்தக் கணு என்று பொருத்துவதாகும். பொருத்தம் முடிந்த பின்னர் எஞ்சிய வேலை எளிது. பொருந்தாத பழைய கணுக்கள் நீக்கப்பட்டவை. பொருந்தாத புதிய கணுக்கள் சேர்க்கப்பட்டவை. பொருந்தியவற்றின் அளபுருக்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் போதும்.

பொருத்துவதே கடினமானது. ஒரு பணிப்பாய்வில் வடிகட்டி என்ற பெயரிலேயே ஐந்து கணுக்கள் இருக்கலாம். பெயரை மட்டும் கொண்டு எது எதற்கு நிகர் என்று கூற முடியாது. இரு கோட்டுருக்களுக்கும் பொதுவான மிகப்பெரிய பகுதியைக் காண்பது பொது நிலையில் என்பி-கடினம் என்ற வகையைச் சேர்ந்த சிக்கலாகும். அதாவது, எல்லாக் கோட்டுருக்களுக்கும் விரைவாக விடை தரும் படிமுறை எதுவும் அறியப்படவில்லை. ஆகவே நடைமுறை மென்பொருட்கள் ஒரு குறுக்கு வழியைக் கையாள்கின்றன. கணு உருவாகும்போதே அதற்கு ஓர் அடையாள எண் வழங்கப்படுகிறது; கணு நீக்கப்படும் வரை அவ்வெண் மாறாது. ஒரே எண் உடையவை ஒரே கணு என்று கொள்ளப்படும்.

இவ்வழிக்கும் ஒரு விலை உண்டு. பயனர் ஒரு கணுவை அழித்துவிட்டு, அதே போன்ற மற்றொன்றை அதே இடத்தில் வைத்து, அதே அளபுருக்களைத் தந்தால், புதிய கணுவுக்குப் புதிய எண் கிடைக்கும். ஒப்பீட்டில் ஒன்று நீக்கப்பட்டதாகவும் வேறொன்று சேர்க்கப்பட்டதாகவும் தோன்றும். பயனரின் பார்வையில் எதுவுமே மாறவில்லை. இது பிழையன்று, நிகழ்ந்த செயல்களை மென்பொருள் சரியாகவே கூறுகிறது. எது நிகழ்ந்தது என்பதும் எது வேறுபடுகிறது என்பதும் ஒரே கேள்வி அல்ல.

2006 ஆம் ஆண்டின் அறைகூவல்

தரவின் மூல வரலாற்றை ஆராயும் அறிவியலாளர்கள் 2006 இல் முதலாவது மூல வரலாற்று அறைகூவல் என்ற நிகழ்வை ஒழுங்கு செய்தனர். பல ஆய்வுக் குழுக்கள் ஒரே பணிப்பாய்வைத் தத்தம் மென்பொருட்களில் அமைத்து, ஒரே ஒன்பது வினாக்களுக்கு விடை தேடின. எடுத்துக்கொள்ளப்பட்ட பணிப்பாய்வு மூளைப் படிமங்கள் பற்றியது. நான்கு மூளைப் படிமங்களை ஒரு மேற்கோள் படிமத்துடன் ஒப்பிட்டுச் சீரமைத்து, அவற்றின் சராசரியைக் கண்டு, அச்சராசரிப் படிமத்தை மூன்று திசைகளில் வெட்டி, மூன்று படக் கோப்புகளாக மாற்றுவதே அதன் நோக்கம். முதல் இரு கட்டங்களில் நான்கு நான்கு செயல்கள், மூன்றாவதில் ஒன்று, இறுதி இரு கட்டங்களில் மும்மூன்று என மொத்தம் 15 செயல்கள் இருந்தன.

ஏழாவது வினா இக்கட்டுரையின் பொருளைச் சார்ந்தது. ஒரு பயனர் பணிப்பாய்வை இருமுறை ஓட்டுகிறார். இரண்டாம் முறை, இறுதிக் கட்டத்தில் படத்தை மாற்றும் செயல் ஒவ்வொன்றுக்கும் பதிலாக இரு செயல்களை அடுத்தடுத்து வைக்கிறார். இவ்விரு ஓட்டங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது என்பதே வினா. 15 செயல்கள் 18 ஆகின்றன என்று கூறுவதும் ஒரு விடை. மூன்று கணுக்கள் நீங்கி ஆறு கணுக்கள் சேர்ந்தன என்பதும் ஒரு விடை. இறுதிப் படங்களின் உள்ளடக்கம் மாறியதா என்று நோக்குவது இன்னொன்று. எந்த அளவு நுணுக்கம் தேவை என்பது பங்கேற்ற குழுக்களின் முடிவுக்கே விடப்பட்டது. வேறுபாடு என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை என்பதை வினாவை அமைத்தவர்கள் உணர்ந்திருந்தனர் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

அதே பணிப்பாய்வு, அளபுரு மாற்றத்தின் வலிமைக்கும் நல்ல எடுத்துக்காட்டாகும். முதற்கட்டத்தில் படிமங்களைச் சீரமைக்கும் நிரல், எந்த வரிசைப் பல்லுறுப்புக்கோவையைப் பயன்படுத்த வேண்டும் என்பதை ஓர் எண்ணாகப் பெறுகிறது. 12 என்று தந்தால் 1365 அளபுருக்கள் கொண்ட மாதிரி பயன்படும். 11 என்று தந்தால் அது 1092 அளபுருக்கள் கொண்டதாகக் குறையும். கோப்பில் மாறுவது ஒரே ஓர் இலக்கம். கோட்டுருவின் வடிவம் அப்படியே இருக்கும். பெட்டிகளையும் கோடுகளையும் மட்டும் பார்ப்பவருக்கு இம்மாற்றம் தென்படாது.

விஸ்டிரெயில்ஸ்

அந்த அறைகூவலில் பங்கேற்ற மென்பொருட்களுள் விஸ்டிரெயில்ஸ், பதிப்பு ஒப்பீட்டைத் தன் அமைப்பின் நடுவிலேயே வைத்திருந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜூலியானா ஃபிரெய்ரே, கிளாடியோ சில்வா ஆகியோரும் அவர்களது மாணவர்களும் இதனை உருவாக்கினர். அறிவியல் காட்சிப்படுத்தலுக்கான இத்திறமூல மென்பொருள் பைத்தன் மொழியில் எழுதப்பட்டது.

பிற மென்பொருட்கள் பணிப்பாய்வின் ஒவ்வொரு பதிப்பையும் முழுமையாகச் சேமித்துப் பின்னர் ஒப்பிடுகின்றன. விஸ்டிரெயில்ஸ் இதனைத் தலைகீழாக மாற்றியது. அது சேமிப்பது பதிப்புகளை அல்ல, செயல்களை. கணு சேர்த்தல், கணு நீக்கல், இணைப்பு ஏற்படுத்தல், அளபுரு மாற்றல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு செயலாகப் பதிவாகிறது. ஒரு பதிப்பு வேண்டுமெனில், வெற்றுப் பணிப்பாய்வில் தொடங்கி அப்பதிப்பு வரையிலான செயல்களை வரிசையாக மீண்டும் நிகழ்த்தினால் போதும்.

பயனர் பின்னோக்கிச் சென்று வேறு வழியில் தொடர்ந்தால் முன்னைய முயற்சி அழிவதில்லை. அவ்விடத்தில் ஒரு கிளை பிரிகிறது. இவ்வாறு வரலாறு முழுவதும் ஒரு மரமாக வளர்கிறது. பயனர் பெயரிட்ட பதிப்புகள் மரத்தில் தெளிவாகக் காட்டப்படும். இடையில் உள்ள பெயரற்றவை சுருக்கப்படும். அறிவியலாளர்கள் நேர்கோட்டில் சிந்திப்பதில்லை, பல வழிகளை முயன்று பெரும்பாலானவற்றைக் கைவிடுகின்றனர் என்பதை இவ்வமைப்பு ஏற்றுக்கொள்கிறது. கைவிடப்பட்ட வழிக்கும் மதிப்பு உண்டு: அது ஏற்கனவே முயலப்பட்டது என்ற செய்தி அதில் அடங்கியுள்ளது.

ஒப்பீட்டுக்கு இம்மரம் பெரிதும் உதவுகிறது. எந்த இரு பதிப்புகளுக்கும் ஒரு பொது மூதாதை இருக்கும். அம்மூதாதையில் இருந்து இரு பக்கமும் நிகழ்ந்த செயல்களை நோக்கினாலே வேறுபாடு கிடைத்துவிடுகிறது. பொது மூதாதையில் இருந்த கணுக்கள் இரு கிளைகளிலும் ஒரே அடையாள எண்ணுடன் உள்ளதால், முன்பு கூறிய பொருத்தும் சிக்கல் பெரும்பாலும் எழுவதே இல்லை.

பயனர் மரத்தில் ஒரு பதிப்பைச் சுட்டியால் இழுத்து மற்றொன்றின் மேல் இட்டால் ஒப்பீட்டுக் காட்சி தோன்றும். அதில் இரு பணிப்பாய்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே கோட்டுருவாக வரையப்படுகின்றன. ஒரு பதிப்பில் மட்டும் உள்ள கணுக்கள் நீல நிறத்திலும் மற்றதில் மட்டும் உள்ளவை செம்மஞ்சள் நிறத்திலும் அமையும். இரண்டிலும் மாற்றமின்றி உள்ளவை அடர்சாம்பல் நிறம் பெறும். இரண்டிலும் இருந்து அளபுரு மட்டும் மாறியவை வெளிர்சாம்பல் நிறம் பெறும். அத்தகைய கணுவைத் தெரிவு செய்தால் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் அட்டவணையாகக் காணலாம். நான்காவது நிறத்தின் பயன் தனித்துக் குறிப்பிடத்தக்கது. வடிவம் மாறாமல் உள்ளே மட்டும் மாறிய கணுவை வேறு எந்த வழியிலும் ஒரே பார்வையில் அடையாளம் காண்பது அரிது.

2007 இல் இக்குழுவினர் மேலும் ஒரு படி சென்றனர். இரு பதிப்புகளின் வேறுபாட்டைக் கண்டு, அதே வேறுபாட்டை மூன்றாவதொரு பணிப்பாய்வில் புகுத்தும் முறையை அவர்கள் வெளியிட்டனர். இதனை ஒப்புமை வழி உருவாக்கம் எனலாம். மூன்றாவது பணிப்பாய்வு வேறு மரத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பதால் இங்கு அடையாள எண்கள் உதவா. கணுக்களின் வகையையும் அவற்றின் அயற்கணுக்களையும் கொண்டு ஒப்புமையை மதிப்பிட வேண்டியுள்ளது. விடை எப்போதும் சரியாக அமையும் என்ற உறுதி இல்லை.

காலநிலைத் தரவுகளை ஆராயும் யூவி-சிடாட் என்ற மென்பொருள் விஸ்டிரெயில்சின் மீது அமைக்கப்பட்டது. விஸ்டிரெயில்ஸ் பைத்தன் 2 ஐச் சார்ந்தது. பைத்தன் 2 க்கான ஆதரவு 2020 சனவரியில் முடிவுற்றது. விஸ்டிரெயில்ஸ் தற்போது வளர்க்கப்படுவதில்லை. மூல வரலாற்றைப் பேணுவதற்காக எழுந்த மென்பொருளைக் கொண்டு சேமித்த வரலாறுகளை இன்று திறக்கவே பழைய கணினிச் சூழல் ஒன்றை அமைக்க வேண்டியிருப்பது வருந்தத்தக்கது.

ஏனைய மென்பொருட்கள்

ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றி 2006 இல் வெளிவந்த நைம், பணிப்பாய்வை ஒரு கோப்புறையாகச் சேமிக்கிறது. கணு ஒவ்வொன்றுக்கும் தனி உட்கோப்புறையும் அதனுள் எக்ஸ்எம்எல் வடிவில் அமைப்புகளும் இருக்கும். இரு பணிப்பாய்வுகளைத் தெரிவு செய்து, சேர்ந்தவை, நீங்கியவை, அமைப்பு மாறியவை எனக் கணுக்களைப் பட்டியலிட்டுப் பார்க்கும் வசதி இதில் உண்டு.

வணிக நிறுவனங்களில் பரவலாக உள்ள ஏர்ஃப்ளோ 2014 இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. இதில் பணிப்பாய்வு பைத்தன் நிரலாகவே எழுதப்படுவதால், நிரலின் மாற்றங்களைக் கிட் கொண்டு பார்க்க இயலும். ஆனால் இடைமுகத்தில் நீண்ட காலம் ஒரு குறை இருந்தது. பழைய ஓட்டம் ஒன்றைத் திறந்தாலும், அது பணிப்பாய்வின் அண்மைய வடிவத்தின் மீதே வரைந்து காட்டப்பட்டது. சென்ற மாதம் ஓடி, பின்னர் நிரலில் இருந்து நீக்கப்பட்ட ஒரு பணி, சென்ற மாத ஓட்டத்தின் கோட்டுருவில் இருந்தும் மறைந்துபோனது. 2025 ஏப்ரலில் வெளியான 3.0 பதிப்பு முதல், ஒவ்வொரு ஓட்டமும் எந்தப் பதிப்பில் நிகழ்ந்ததோ அதனுடன் இணைத்துக் காட்டப்படுகிறது.

எஸ்கியூஎல் அடிப்படையிலான டிபிடி, மாறிய மாதிரிகளை மட்டும் தெரிந்தெடுத்து மீண்டும் ஓட்டுவதற்காகப் பதிப்புகளை ஒப்பிடுகிறது. இங்கு ஒப்பீடு மனிதர் பார்ப்பதற்கன்று, மென்பொருள் முடிவெடுப்பதற்கு. குறிப்புரை ஒன்றைச் சேர்த்தாலும் கோப்பு மாறியதாகவே அது கொள்ளும். வேண்டாத ஒன்றை மீண்டும் ஓட்டுவதால் நேரம் மட்டுமே வீணாகும் என்பதால் இது ஏற்கத்தக்கதே.

காட்சியில் தென்படாத மாற்றங்கள்

கோட்டுரு ஒப்பீடு வேறுபாடு ஏதுமில்லை என்று கூறும்போது, அவ்விடை பணிப்பாய்வின் வரையறையைப் பற்றியது மட்டுமே. கணுவின் உள்ளே இயங்கும் நிரல், அது இயங்கும் இயங்குதளம், உள்ளே வரும் தரவு ஆகியன மாறியிருக்கலாம். விஸ்டிரெயில்ஸ் குழுவினர் மூல வரலாற்றைப் பணிப்பாய்வின் படிவளர்ச்சி, பணிப்பாய்வு, ஓட்டம் என மூன்று அடுக்குகளாகப் பிரித்ததற்கு இத்தகைய வேறுபாடுகளும் காரணமாகும்.

மூளைப் படிமங்களில் இருந்து மூளைப் பகுதிகளின் கனவளவையும் புறணியின் தடிப்பையும் அளக்கும் ஃபிரீசர்ஃபர் மென்பொருள் பற்றி 2012 இல் பிளாஸ் ஒன் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே படிமங்களை 4.3.1, 4.5.0, 5.0.0 ஆகிய மூன்று பதிப்புகளில் ஓட்டிப் பார்த்தபோது, கனவளவு சராசரியாக 8.8 விழுக்காடும் புறணித் தடிப்பு 2.8 விழுக்காடும் வேறுபட்டன. கணினி வகையும் மாக் இயங்குதளத்தின் பதிப்பும் மாறியபோதும் வேறுபாடுகள் தோன்றின. எனினும் அவை சிறியவை. ஓர் ஆய்வின் நடுவில் மென்பொருளைப் புதுப்பிக்கும் குழுவுக்கு இதன் பொருள் தெளிவானது. ஆண்டின் முற்பாதியில் அளந்த நோயாளிகளுக்கும் பிற்பாதியில் அளந்தவர்களுக்கும் இடையே தோன்றும் வேறுபாடு மூளையினுடையதா மென்பொருளினுடையதா என்று பின்னர் பிரித்தறிவது கடினம். பணிப்பாய்வின் கோட்டுருவில் அதே பெட்டி அதே பெயருடன் இருந்துகொண்டே இருக்கும்.

உள்ளே வரும் தரவு மாறுவதற்கு இங்கிலாந்தில் 2020 இல் நிகழ்ந்ததைக் குறிப்பிடலாம். கொரோனாத் தொற்றுப் பரிசோதனை முடிவுகளை ஒன்றுதிரட்டும் பணியில், ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகள் எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்கு மாற்றப்பட்டன. அவ்வடிவம் ஒரு தாளில் 65,536 வரிசைகளை மட்டுமே ஏற்கும். தொற்று பெருகியபோது மிகுந்த வரிசைகள் ஓசையின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் நாளாந்தக் கணக்கில் சேரவில்லை. அவர்களுடன் தொடர்பில் இருந்தோரைக் கண்டறியும் பணியும் அதனால் தாமதமானது. இங்கு யாரும் புதிய பிழை ஒன்றைப் புகுத்தவில்லை. முதல் நாள் பணிப்பாய்வையும் இறுதி நாள் பணிப்பாய்வையும் ஒப்பிட்டிருந்தால் வேறுபாடு எதுவும் கிடைத்திருக்காது. ஒவ்வொரு கணுவிலும் உட்சென்ற வரிசைகளின் எண்ணிக்கையையும் வெளிவந்த எண்ணிக்கையையும் பதிந்து ஒப்பிடும் எளிய காட்சி ஒன்று அதனை முதல் நாளே காட்டியிருக்கும்.

ஆகவே, பணிப்பாய்வுடன் சேர்த்து வெளியீட்டுத் தரவையும் ஒப்பிடும் கருவிகள் வழக்கில் வந்துள்ளன. அட்டவணைகளில் வரிசை ஒழுங்கு பெரும்பாலும் பொருளற்றது என்பதால், டிஃப் போன்று மேலிருந்து கீழாக ஒப்பிடாமல், முதன்மைச் சாவியைக் கொண்டு வரிசைகள் பொருத்தப்படுகின்றன. மிதவைப் புள்ளி எண்களைச் சரிசமமா என்று நோக்காமல், ஒரு சிறு எல்லைக்குள் ஒத்துள்ளனவா என்று நோக்க வேண்டும். கூட்டும் ஒழுங்கு மாறினாலே இறுதி இலக்கங்கள் மாறக்கூடும். அவ்வெல்லையை எவ்வளவு என்று வைப்பது துறை அறிந்தவரின் பொறுப்பு. மென்பொருட் சூழலைப் பொறுத்தவரை, பயன்படும் நூலகங்களின் பதிப்பு எண்களைப் பணிப்பாய்வுடன் பதிவதும், சூழல் முழுவதையும் டாக்கர் போன்ற கொள்கலனாகச் சேமிப்பதும் வழக்கத்தில் உள்ளன. கொள்கலனுக்குப் பெயர் மட்டும் தந்தால் போதாது. அதே பெயரில் வேறு உள்ளடக்கம் பின்னர் ஏற்றப்படலாம் என்பதால், உள்ளடக்கத்தில் இருந்து கணிக்கப்படும் எஸ்எச்ஏ-256 எண்ணையும் சேர்த்துக் குறிப்பது அவசியமாகும்.